இடது பெடல்

அன்று காலை ஆறரை மணிக்கு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நர்ஸ் எஸ்தர் அக்கா, எதிர்த்த டீக்கடை சுப்பையா, சைக்கிள் கடை அண்ணாச்சி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மாவின் கணவர் டாக்டரய்யா; அவர் காலமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். "இந்தச் சக்கரத்த மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும், சைக்கிள்காரன் தொட்டா வெளங்காது" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்கக்கூட வராமல் இருந்துவிட்டார்.

எங்களுக்கு நடுவில் கார் நின்றது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கிற, பச்சை நிற இங்கிலாந்துக் கார். மலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது டாக்டரய்யாவுக்கு விற்றுவிட்டுப் போனது. அதன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் போலவே கம்பி போட்டவை. ஒரு சக்கரத்துக்கு அறுபது கம்பி. டாக்டரய்யா போனபின் ஏழு வருடம் ஷெட்டில் கிடந்ததில் என்ஜின்கூடப் பிழைத்துக்கொண்டது. சக்கரங்கள்தான் துருப்பிடித்துப் போயின.

டாக்டரம்மாவின் மகள் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு அன்று ஒன்பதரை மணி ரயிலில் கோவில்பட்டியில் வந்து இறங்குகிறாள். "நீ டாக்டராகி வாற அன்னைக்கு நம்ம கார்லதான் ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வருவேன்" என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டாக்டரய்யா சொல்லியிருந்தார். அவர் சொன்னதை டாக்டரம்மா தானே ஓட்டிக்கொண்டு போய் நிறைவேற்றப் போகிறார். அதற்காகத்தான் இரண்டு மாத வேலை. அதற்காகத்தான் அவர் கண்ணில் அன்று டாக்டரய்யாவின் கறுப்புக் கண்ணாடி.

அந்தக் காலையில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் சைக்கிள் கடை அண்ணாச்சியைச் சொல்லியாக வேண்டும். அவரைத் தெரியாதவர்களுக்கு அந்தக் காலை புரியாது.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, கை வைத்த பனியன், காதில் பீடிக்குப் பதில் ஒரு துண்டு சாக்பீஸ். எந்த வேலையை முடித்தாலும் நட்டின் மேல் ஆரம்பித்து அடுத்த இரும்புவரை ஒரு கோடு இழுத்துவிடுவார். மறுநாள் அந்தக் கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை, உடைந்திருந்தால் நகர்ந்திருக்கிறது. "நட்டு பொய் சொல்லும். கோடு சொல்லாது" என்பார்.

கடைக்குள் நுழைந்தால் இடது பக்கச் சுவர் முழுக்க ஆணி. ஆணிகளில் அவர் கெடுத்த சாமான்கள் தொங்கும். முறுக்கேறிய ரிம், உடைந்த செயின், பாதியாகப் பிளந்த ஸீட். ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தத் தப்பு எவ்வளவு செலவு வைத்தது என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். வேறு எதுவும் எழுதமாட்டார். முதல் தடவை சைக்கிளைக் கொண்டுவருகிற ஆளிடம், "மொதல்ல சுவத்தப் பாத்துட்டு வாரும். பாத்தபெறவும் விட்டுட்டுப் போகணும்னு தோணுனா விட்டுட்டுப் போம்" என்பார். பார்த்தவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சுவரில் ஒரு வேட்டித் துண்டும் உண்டு. மேலநீலிதநல்லூர் மாப்பிள்ளை ஒருவர் மாமனார் கொடுத்த சைக்கிளுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். முகூர்த்தத்துக்குள் காய்ந்துவிடும் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டார், காயவில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்து மண்டபத்தில் இறங்கியபோது பின்பக்கம் கிளிப்பச்சையில் ஒரு பட்டை. அண்ணாச்சி அன்றே கோவில் வாசல் கடையில் வேறு பட்டு வேட்டி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவரே கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் சம்சாரம் ஒருநாள் என்னிடம் சொன்னார்கள்: "எங்க கல்யாண போட்டோவ மாட்ட வீட்ல எடம் இல்லன்னு கடையில மாட்டச் சொன்னேன். அந்தச் சுவத்துல ஒரு ஆணி காலியா இருக்கு, மாட்டட்டுமாங்காரு. போட்டோவுக்குக் கீழ என்ன வெல எழுதுவாரோ!"

நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டுக்காகக் காத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. எங்கள் தெருவுக்கு வருகிற கடுதாசி, கோர்ட்டு நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். நான் படித்தது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அதனால் பத்து வயதிலிருந்து நான் ஒரு தப்பும் செய்ததில்லை. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இதையெல்லாம் போய் ஒரு மனுஷன் வெளியே மாட்டி வைப்பானா?

ஒர்க்‌ஷாப்காரர் கைவிரித்தபின், "கம்பிச் சக்கரம்தானே, கேட்டுப் பார்" என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார். அண்ணாச்சி வந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, அதற்கு இரண்டு காது. காதில் சுத்தியலால் தட்டித்தான் கழற்றவும் இறுக்கவும் வேண்டும்.

"என்னப்பா, முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"கோட்டம் எடுத்துருவேன்ம்மா. ஆனா கார்ச் சக்கரம் இதுவர தொட்டதில்ல. நீங்க ஒரு எட்டு கடைக்கு வந்து சுவத்தப் பாத்துருங்க."

டாக்டரம்மா நிஜமாகவே போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றாக விலையைப் படித்தார். வேட்டித் துண்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "என்கிட்டயும் இப்படி ஒரு சுவர் இருந்தா ஒரு நோயாளி வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, சக்கரங்களைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்.

துருவை எடுக்க என்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். "எலுமிச்சங்கா" என்றார். புளியங்குடி மார்க்கெட்டில் அழுகி ஒதுக்கின எலுமிச்சம்பழம் இரண்டு மூட்டை, கழிவு விலைக்கு, பஸ்ஸின் மேல் ஏறி வந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தக் கம்பி எந்த ஓட்டைக்கு என்று அட்டையில் குத்தி வைத்துவிட்டு, சாறும் உப்பும் போட்ட தொட்டியில் ஊறப்போட்டார். ஸ்டெப்னியோடு சேர்த்து முந்நூறு கம்பி. சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்ததும் நானும் போய் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பேன். தேய்த்ததுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் இரண்டு கை வெள்ளிப் பெயிண்ட். "நல்லாக் காஞ்சிட்டா? வேட்டியக் கொண்டா, ஒக்காந்து பாப்போம்" என்று அவரே கேலி செய்துகொள்வார். டீக்கடை சுப்பையா ஒரு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார். "வே, காரு ரிப்பேர் பாக்கீரா, ஊறுகா போடுதீரா?" என்று கத்துவார். "ரெண்டுந்தான். ஒமக்கு ஒரு கம்பி தொட்டுக்கத் தரட்டா?" என்பார் இவர்.

கம்பிகளை மறுபடி கோத்தபின் கோட்டம் எடுக்கிற வேலை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, செங்கல் மேல் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். ரிம் எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே சாக்பீஸ் உரசிக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்குவார். கடைசியில் ஒரு திருப்புளியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்பார். எல்லாம் ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம். பக்கத்தில் பேசுவதே கேட்காது. அதனால் கரண்ட் போனால்தான் அந்த வேலை. தறிகள் நின்று ஊரே மின்சார ஆபீஸைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் "வந்துட்டான்யா நம்ம ஆளு" என்று குஷியாகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

சக்கரம் உட்காருகிற நான்கு ஹப்பையும் துருவெடுக்கக் கழற்றியிருந்தோம். திரும்ப மாட்டப் போகிற அன்று அண்ணாச்சி ஒரு ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றார்.

"வே பி.எஸ்ஸி, இங்கன வாரும். சைக்கிள்ல இடது பெடலுக்கு மட்டும் திருப்பு மரை, எதிர்ப்பக்கம் சுத்துனாத்தான் இறுகும். வலதுக்குச் சாதா மரை. எதுக்கு? மிதிக்க மிதிக்கக் கழலாம இறுகணும்னு. இந்தக் கார்ல பாத்தீரா? வலது பக்கம் திருப்பு மரை, இடது பக்கம் சாதா. தலகீழாக் கெடக்கு. முன்னால கழத்துன எவனோ மாத்தி மாட்டிருக்கான். என்ன சொல்லுதீரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அவர் கேட்டது பி.எஸ்ஸி.யை. நான் சாக்பீஸை வாங்கி, கடைத் தரையில் ஒரு வட்டம் போட்டு, மூன்று அம்புக்குறி போட்டு, சுழற்சி, உராய்வு, விசை என்று பத்து நிமிடம் பேசினேன். முடிவில், பெடலுக்கு எதுவோ அதுதான் சக்கரத்துக்கும், இடது பக்கம்தான் திருப்பு மரை வர வேண்டும் என்று நிரூபித்துவிட்டேன்.

"படிச்ச ஆளு சொன்னாச் சரி" என்று அண்ணாச்சி நான்கு ஹப்பையும் பக்கம் மாற்றி மாட்டினார். சுத்தியலில் டயர் ரப்பரைச் சுற்றிக்கொண்டு நட்டுகளை இறுக்கினார். வழக்கம்போல நான்கிலும் கோடு இழுத்தார்.

அந்தக் காலைக்கு வருகிறேன். கோவில்பட்டிக்குக் கிளம்புமுன் கழுகுமலை ரோட்டில் மூன்று மைல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. சுப்பையா நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ரெண்டு மூட்ட தின்னது போதாதா அதுக்கு?" என்றார் எஸ்தர் அக்கா. டாக்டரம்மா ஓட்ட, அண்ணாச்சி பக்கத்தில் உட்கார, வெள்ளிச் சக்கரம் நான்கும் வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டு கார் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. எல்லாரும் கை தட்டினோம்.

அண்ணாச்சி இறங்கி முன்பக்க இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் குனிந்தேன். கோடு உடைந்திருந்தது. நட்டின் மேலிருந்த பாதி, ஹப்பின் மேலிருந்த பாதியை விட்டு ஒரு கட்டைவிரல் அகலம் விலகியிருந்தது. அவர் எழுந்து மற்ற மூன்றையும் சுற்றிப் பார்த்தார். எல்லாம் கழலுகிற பக்கமே நகர்ந்திருந்தன. ஆறு மைலுக்கு இவ்வளவு. கோவில்பட்டி போய்வர ஐம்பது மைல்.

சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. நான்கு தட்டு தட்டியிருந்தால் கோடு நேராகியிருக்கும். பார்த்தவர்கள் ஏதோ சும்மா தட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். வழியில் நிறுத்தி நிறுத்தித் தட்டிக்கொண்டே போயிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அம்மா, எறங்குங்க" என்றார் அண்ணாச்சி. "தப்பு பண்ணிட்டேன்."

"என்னப்பா ஆச்சு?"

"சக்கரம் ஓட ஓட நட்டு கழலுது. நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். மொதல்ல இருந்ததுதான் சரி. எவனோ முட்டாப்பய மாத்திட்டான்னு நெனச்சேன். அந்த முட்டாப்பய இங்கனதான் நிக்கான்!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சைக்கிள்ல மிதிகட்டை அப்படியே மட்டமா நிக்கும், தண்டுதான் சுத்தும். இதுல நட்டும் சக்கரத்தோட சேந்துல்லா சுத்துது! ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன் பாருங்க."

"சவத்த மூதி, இதுக்கா ரெண்டு மாசம்?" என்றார் சுப்பையா. "அந்த ஒர்க்‌ஷாப்காரன் காதுல விழுந்தா ஊரெல்லாம் சொல்லுவான் வே."

"அவன் எதுக்குச் சொல்லணும்? டீ குடிக்கப் போறப்ப நானே அவன்கிட்டச் சொல்லுதேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"நாலு ஹப்பையும் கழத்தி மாட்டணும். நாலு மணி நேரம்."

"ட்ரெயின் ஒம்பதரைக்கு."

"ஆமாம்மா."

"அவ கண்ணு இந்தக் காரத்தான் தேடும்" என்றார் டாக்டரம்மா. பிறகு இறங்கி, எஸ்தர் அக்காவிடம் வாடகைக் கார் பிடித்து வரச் சொன்னார்.

இப்போது என் பெயர் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். தரையில் வட்டம் போட்டவன், அம்புக்குறி போட்டவன் நான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாடகைக் கார் வந்து டாக்டரம்மா போகிறவரை நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜாக்கி போட்டு வேலையை ஆரம்பித்தோம். முதல் ஹப் வெளியே வந்தபோது மெதுவாகக் கேட்டேன்: "என்னையும் ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"நீரு சொன்னீரு. மாட்டுனது யாரு கை?"

"நான் சொன்னதுனாலதான மாட்டுனீங்க?"

"அப்ப அது ஒம்ம தப்பு. ஒம்ம தப்ப நான் எப்படிவே சொல்ல முடியும்? கிரீஸ எடும்."

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசி நட்டை இறுக்கிக் கோடு இழுத்தபோது, ரயில் தாமதமானதால் அப்போதுதான் வாடகைக் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள். பெட்டியைக்கூட எடுக்காமல் நேரே வந்து சக்கரக் கம்பிகளில் விரல் ஓட்டினாள். வீணையில் ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது. "அப்பா இருந்தப்போகூட இப்படி இருந்ததில்லயேம்மா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "இன்னும் நான் வீட்டுக்குள்ள போகல. ஸ்டேஷன்லேர்ந்து வந்த கணக்குதான். ஏறுங்க" என்று கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டினார்.

இந்த முறை கழுகுமலைவரையே போய் வந்தார்கள். திரும்பி வந்ததும் அண்ணாச்சி என்னைத்தான் பார்க்கச் சொன்னார். நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தேன். கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "டாக்டரம்மா, காலைல ஆன தப்புல பாதி என்னுது. நாந்தான் தரையில படம் போட்டு, மாத்தி மாட்டுறதுதான் சரின்னு சொன்னேன். எனக்கு அது தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். சுப்பையா, "பி.எஸ்ஸி.யே ஃபெயிலா!" என்றார். டாக்டரம்மாவின் மகள் சிரித்தாள். எஸ்தர் அக்கா டோக்கன் நோட்டைக் கையில் கொடுத்து, "எட்டு பேரு காத்திருக்காங்க, போ" என்றார். அவ்வளவுதான்.

வாடகைக் காருக்குத் தான் கொடுத்த பணத்தை அண்ணாச்சியிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி விடவில்லை. "சுவத்துல பொய் எழுத முடியாதும்மா" என்றார். மறுநாள் ஒரு பழைய இடது பெடலைத் தேடியெடுத்து, கல்யாண போட்டோவுக்கென்று காலியாகக் கிடந்த ஆணியில் தொங்கவிட்டார். சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "ஒம்ம கையெழுத்துதான் நல்லாருக்கும். எழுதும்." எழுதினேன்.

அந்த மாசக் கடைசியில் அப்பா மேலநீலிதநல்லூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். கடையில் அண்ணாச்சியோடு வெற்றிலை போட்டபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பெடலைக் காட்டி, "ஏலே, அந்த எழுத்து ஒன்னுது மாதிரில்லா இருக்கு. என்ன எழுதிருக்க?" என்று கேட்டார். அப்பாவிடம் நான் என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பி ஒரு டியூபுக்குக் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாடகைக் கார், கிரீஸ், காட்டர் பின், எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்த டீ, வடை எல்லாம் சேர்த்து எண்பத்தொரு ரூபாய் அறுபது பைசா. அதில் பாதி நான் செய்த தப்பு, நாற்பது ரூபாய் எண்பது பைசா என்று அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.